பரஸ்பர சம்மத விவாகரத்து: பகையின்றிப் பிரியும் வழி

விவாக பந்தத்தை நீதிமன்றத்தின் வாயிலாக முடித்துக்கொள்ள விரும்பும் தம்பதிகளுக்கு நம் நாட்டுச் சட்டம் இரண்டு பாதைகளை வைத்திருக்கிறது. ஒருவர் மற்றவர்மீது குற்றம் சாட்டி, அக்குற்றத்தைச் சாட்சிகளாலும் ஆவணங்களாலும் நிரூபித்து, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையையும் தாங்கி நின்று தீர்ப்புப் பெறுவது ஒன்று. யார் பிழை செய்தார் என்ற வினாவை எழுப்பாமலே, இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று இருவரும் ஒருமித்து விண்ணப்பித்துக்கொள்வது மற்றொன்று. முதற் பாதை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 13ஆம் பிரிவாக அமைந்திருக்கிறது. கொடுமை, பிறனுறவு, இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டுச் செல்லுதல், மதமாற்றம், துறவு பூணுதல் முதலிய காரணங்கள் அதில் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டாம் பாதையாகிய 13பி பிரிவு, 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால் பின்னர் சேர்க்கப்பட்டது. இந்த அத்தியாயம் அந்த இரண்டாம் பாதையைப் பற்றியது.

சென்னை மாகாணத்துச் சட்டசபை 1949லேயே இருதார மணத்தைத் தடுத்து, இந்துக்களுக்கு விவாகரத்தையும் அனுமதித்த ஒரு சட்டத்தை நிறைவேற்றியிருந்தது என்பதை இன்று பலர் அறியார். விவாகரத்து என்பது நேற்று மேனாட்டிலிருந்து இறக்குமதியான விபரீதம் என்று திண்ணையிலிருந்து பேசுவோர், தம் பாட்டனார் காலத்திலேயே அது இந்த மாகாணத்தின் சட்டமாக இருந்ததையும், அதற்கும் முன்னரே பல சாதியாரிடையே பஞ்சாயத்தின் முன் 'அறுத்துக் கட்டும்' வழக்கம் இருந்ததையும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் 1949ன் சட்டமும் 1955ன் சட்டமும் குற்றத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் மட்டும், பதிவு மணம் செய்துகொண்டோருக்குப் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரியும் உரிமையைத் தொடக்கத்திலேயே வழங்கியிருந்தது. அந்த உரிமை இந்துத் திருமணங்களுக்கு வந்து சேர இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, மணவாழ்வு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று ஒருவர் மாத்திரம் எழுதிக் கொடுத்தாலே போதும். மற்றவர் விரும்பாவிட்டாலும், அந்த முறிவு உண்மைதானா என்று வாதாடி வழக்கைத் தடுக்க அவருக்கு இடமில்லை. நம் நாட்டில் நிலைமை வேறு. மணம் மீட்சியின்றி முறிந்தமையைத் தனியொரு காரணமாகச் சேர்க்க வேண்டுமென்று சட்ட ஆணையம் தன் 71ஆம் அறிக்கையில் 1978லும், உச்ச நீதிமன்றம் 2006ல் நவீன் கோலி வழக்கிலும் பரிந்துரைத்தும், நாடாளுமன்றம் அதை இன்றுவரை சட்டமாக்கவில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, ஷில்பா சைலேஷ் வழக்கில், அத்தகைய முறிவின் பேரில் மணத்தை முடிக்கும் அதிகாரம் சாசனத்தின் 142ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் அது அந்த நீதிமன்றத்தின் விருப்புரிமையேயன்றி, யாரும் நேரே தில்லிக்குச் சென்று கேட்டுப் பெறும் உரிமையன்று என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே குற்றம் சாட்டாமல் பிரிய வேண்டுமானால் நம் சட்டத்தில் இருவர் கையொப்பமும் இன்றியமையாதது. வங்கிப் பெட்டகத்தை வங்கியாரின் சாவியும் நம் சாவியும் சேர்ந்தாலன்றித் திறக்க முடியாதவாறு போல, ஒருவருடைய சம்மதம் எவ்வளவு உறுதியாயிருந்தாலும் மற்றவருடையது சேராதவரை இக்கதவு அசையாது. சுமுகமாகப் பிரிவது பெருந்தன்மை உடையோர்க்குரிய ஓர் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். எதிர்த்தரப்பின் மனத்தில் கசப்பை வளர்த்தவர் தம் வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார். இந்த அத்தியாயத்தில் இனி வரும் யோசனைகள் எல்லாம், கோபம் தணியாதவருக்கும் பயன்படும் காரிய யோசனைகளே என்று கொள்க.

சட்டம் எதிர்பார்க்கும் நிபந்தனைகள் மூன்று. தம்பதிகள் ஓராண்டுக்குக் குறையாமல் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ இயலாதவர்களாயிருக்க வேண்டும். மணத்தை முடித்துக்கொள்ளப் பரஸ்பரம் இசைந்திருக்க வேண்டும். 'பிரிந்து வாழ்தல்' என்றால் வேறு வேறு வீடுகளில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. தாம்பத்திய உறவும் கடமையும் அற்று, கணவன் மனைவி என்ற நிலையில் வாழாதிருத்தலே அதன் பொருள் என்றும், ஒரே கூரையின் கீழ் இருப்பினும் அந்நிலை பொருந்தக்கூடும் என்றும் உச்ச நீதிமன்றம் 1991ல் சுரேஷ்டா தேவி வழக்கில் விளக்கியிருக்கிறது. வாடகைக்கு வேறு வீடு பிடிக்க வசதியற்று, முன்னறையிலும் பின்னறையிலுமாகத் தனித் தனியே உலை வைத்துக்கொண்டிருக்கும் நடுத்தரக் குடும்பத்தாருக்கு இவ்விளக்கம் பெரிய ஆறுதல்.

மனுவை இருவரும் சேர்ந்து, திருமணம் நடந்த ஊரிலோ, கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊரிலோ, மனைவி இப்போது வசிக்கும் ஊரிலோ உள்ள குடும்பநல நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். குடும்பநல நீதிமன்றம் ஏற்படாத பகுதிகளில் சார்பு நீதிமன்றம் அதை விசாரிக்கும். திருமணப் பதிவுச் சான்று, அது இல்லாவிடில் அழைப்பிதழும் மணக்கோலப் புகைப்படமும், இருவருடைய அடையாள, முகவரிச் சான்றுகள், பிரமாணப் பத்திரங்கள் ஆகியவை உடன் வேண்டும். முதல் வாக்குமூலம் பதிவானபின், மனு தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதம் கழித்தும் பதினெட்டு மாதத்துக்குள்ளும் இருவரும் மறுபடி வந்து தம் சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். நீதிபதி, மணம் நடந்ததும் மனுவிலுள்ளவை மெய்யென்பதும் தமக்குத் திருப்தியானால், மணத்தை முடித்துத் தீர்ப்பாணை வழங்குவார்.

இந்த ஆறு மாத அவகாசம், ஆத்திரத்தில் எடுத்த முடிவை ஆறப்போட்டு யோசிப்பதற்காகச் சட்டம் கருணையோடு கொடுத்தது. எனினும் ஏற்கெனவே நெடுங்காலம் பிரிந்து, எல்லாவற்றையும் பேசி முடித்தவர்களை இது வீணே வாட்டுவதைக் கண்டு, 2017ஆம் ஆண்டு அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வவகாசத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் விசாரணை நீதிமன்றத்துக்கு உண்டு என்று கூறியது. அதற்கு, மனு போடுவதற்கு முன்பே ஓராண்டும் ஆறு மாதமும் பிரிவில் கழிந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் பயனற்றுப் போயிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்பு முதலிய எல்லா விஷயங்களும் மெய்யாகவே தீர்ந்திருக்க வேண்டும். காத்திருப்பது வேதனையை நீட்டிப்பதாக மட்டும் இருக்க வேண்டும். முதல் மனுவுக்கு ஒரு வாரத்துக்குப் பின் இதற்கெனத் தனி விண்ணப்பம் போடலாம். இது கேட்டவர்க்கெல்லாம் கிடைப்பதன்று. ஆகவே 'ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன்' என்று நீதிமன்ற வாசலில் வாக்களிப்பவரிடம் எச்சரிக்கையாயிருப்பது நலம்.

நீதிமன்றம் சமரச மையத்துக்கோ ஆலோசகரிடமோ அனுப்பும்போது பலர் அஞ்சுகிறார்கள். சேர்த்துவைத்துவிடுவார்களோ என்று சிலர் அஞ்ச, அவமானப்படுத்துவார்களோ என்று மற்றும் சிலர் அஞ்சுகிறார்கள். இரண்டுக்கும் இடமில்லை. இணக்கத்துக்கு முயல்வது 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் நீதிபதிக்கு விதித்த கடமை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005லேயே சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த அத்தகைய மையங்களுக்கு இந்நாட்டில் அது முன்னோடி. அங்கே பேசப்படுவது இரகசியம். பின்னர் வழக்கில் சாட்சியமாகாது. சேராதவர்களும் அங்கிருந்து பிரிவின் நிபந்தனைகளை ஒழுங்காக எழுதிக்கொண்டு வருவது சாதாரணமாக நடப்பதே.

இனி, மிக அதிகமாக ஏமாற்றத்துக்குள்ளாக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'இனி எனக்கும் உமக்கும் எவ்விதச் சம்பந்தமுமில்லை' என்று எழுதி, இரு தரப்புப் பெரியவர்களும் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் முத்திரையும் வாங்கிவிட்டால் விவாகரத்து ஆகிவிட்டதென்று நம்பும் குடும்பங்கள் இன்றும் கிராமங்களில் மட்டுமின்றி நகரங்களிலும் இருக்கின்றன. அந்தத் தாள் மணத்தை முடிக்காது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டவர் இருதார மணக் குற்றத்துக்கு ஆளாகலாம். இரண்டாம் மனைவியின் நிலை பரிதாபத்துக்குரியதாகும். சாதி வழக்கத்தால் ஏற்பட்ட விவாகரத்தைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு காப்பாற்றுகிறது என்று வாதிடுவோர் உண்டு. காப்பாற்றுவது மெய்யே, ஆயினும் அவ்வழக்கம் தொன்மையானது, இடையறாதது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பாரம் அதைச் சொல்பவர்மீதே விழும். அந்தப் பாரத்தைச் சுமப்பதைவிட ஒரு மனுவைப் போட்டுவிடுவது எளிது.

பஞ்சாயத்துப் பெரியவர்களை அறவே விலக்க வேண்டும் என்று இதனாற் சொல்லவில்லை. பேச்சைத் தொடங்கிவைப்பதற்கும், நேரில் முகம் பார்க்க மறுக்கும் இருவருக்கிடையே செய்தி கொண்டு செல்வதற்கும், இருதரப்பாலும் மதிக்கப்படும் ஒரு சித்தப்பாவோ பள்ளி ஆசிரியரோ பேருதவியாக இருப்பார். ஆனால் தரப்புக்குப் பத்துப் பேர் கூடும் சபையில் நியாயம் பிறப்பதில்லை. பழைய சீர் செனத்தியும், மாப்பிள்ளை அழைப்பில் நேர்ந்த மரியாதைக் குறைவும், யார் யாருடைய வீட்டில் காப்பி குடிக்காமல் எழுந்து போனார் என்பதும்தான் பிறக்கும். தரப்புக்கு ஒருவர், கூடவே தம்பதிகள், வேண்டுமானால் ஒரு வக்கீல், அதற்குமேல் அவசியமில்லை. பேச வேண்டியவற்றை முன்கூட்டியே எழுதிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு விஷயம் என்று வைத்துக்கொண்டால், நகையைப் பற்றிய கோபம் குழந்தையைப் பற்றிய பேச்சில் நுழையாது.

நகையில் தொடங்குவது நல்லது. ஏனெனில் அதை எண்ணவும் நிறுக்கவும் முடியும். மணத்தின்போதும் முன்னும் பின்னும் மணமகளுக்கு எத்தரப்பார் அளித்த பரிசாயினும் அது அவளுடைய ஸ்திரீதனம். அதில் கணவனுக்குக் கூட்டுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1985ல் பிரதிபா ராணி வழக்கில் ஐயமறக் கூறிவிட்டது. மணமகன் வீட்டார் போட்ட தாலிச் சங்கிலியும் இதில் அடங்கும். 'எங்கள் தாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்' என்று மாமியார் கேட்பது மரபின் பேரிலும் மனத்தாங்கலின் பேரிலும் எழும் குரலே; சட்டத்தில் அதற்கு ஆதாரமில்லை. அதைத் தானே விரும்பிக் கொடுத்துவிடும் பெண்களும் உண்டு. அது அவர்கள் உசிதம். நகைகளைப் பொது மனிதர் ஒருவர் முன்னிலையில் எடை போட்டு, பவுன் கணக்கோடு கிராம் கணக்கையும் சேர்த்துப் பட்டியல் எழுதி, அடகில் இருப்பவற்றை யார், எந்தத் தேதிக்குள் மீட்டுத் தருவது என்பதையும் குறித்துவிட வேண்டும். அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் கையொப்பமிட்டவர்கள் பின்னர் வட்டியை நினைத்து வருந்துவதுண்டு.

அடுத்து ஜீவனாம்சம். ஒரே தொகையாகக் கொடுத்து முடிப்பதா, மாதந்தோறும் கொடுப்பதா என்பதை இருவருமே தீர்மானிக்கலாம். பகை மீண்டும் மூளாதிருக்க வேண்டுமானால் ஒரே தொகையே உத்தமம் என்பது என் துணிபு, ஏனெனில் மாதத் தவணை ஒவ்வொன்றும் ஒரு புதிய சச்சரவுக்கு அழைப்பாகிவிடுகிறது. தொகையைக் கணக்கிடுமுன் இருவரும் தம் வருமானம், சொத்து, கடன் மூன்றையும் ஒளிக்காமல் காட்ட வேண்டும். ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பாரும் தாக்கல் செய்ய வேண்டிய பிரமாணப் பத்திரத்துக்கு ஒரு மாதிரிப் படிவத்தை உச்ச நீதிமன்றம் 2020ல் ரஜனேஷ் வழக்கில் வகுத்துத் தந்திருக்கிறது. வழக்குக்குப் போகாதவர்களும் அதே படிவத்தை நிரப்பி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டால், 'அவர் சம்பளத்தை மறைக்கிறார்' என்ற சந்தேகத்துக்கு இடமிராது. தொகையில் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், எஞ்சியதை இரண்டாம் வாக்குமூலத்தன்று நீதிபதியின் முன்னிலையில் வரைவோலையாகவும் கொடுப்பது வழக்கறிஞர்கள் கையாளும் நல்ல முறை. கொடுப்பவருக்கும் அதில் காப்பு, பெறுபவருக்கும் காப்பு.

இந்தக் காப்பு ஏன் வேண்டும் என்பதற்கு முன்சொன்ன சுரேஷ்டா தேவி வழக்கே விடை. தீர்ப்பாணை பிறக்கும் வரை ஒருவர் தம் சம்மதத்தைத் தாமாகவே திரும்பப் பெறலாம் என்று அவ்வழக்கு கூறுகிறது. பணம் முழுவதையும் முன்னதாகப் பெற்றுக்கொண்டவரோ, நகை முழுவதும் கைக்கு வந்து சேர்ந்தவரோ இரண்டாம் நாளில் வராமல் நின்றுவிட்டால் மற்றவர் திகைத்து நிற்க நேரிடும். உடன்படிக்கையின் ஒவ்வொரு கடமையையும் மனுவின் ஒரு கட்டத்தோடு இணைத்து எழுதுவதே இதற்குப் பரிகாரம்.

கூட்டாக வாங்கிய வீடு, அதிலும் கடனில் வாங்கிய வீடு, தனியே யோசிக்க வேண்டியது. 'இனித் தவணை முழுவதையும் கணவரே கட்டுவார்' என்று இருவரும் எழுதிக்கொள்வது அவ்விருவரைத்தான் கட்டுப்படுத்துமே தவிர வங்கியைக் கட்டுப்படுத்தாது. தவணை தவறினால் வங்கி மனைவியின் கதவையும் தட்டும். ஆகவே கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வங்கியின் எழுத்து மூலமான இசைவை வாங்குவதும், வீட்டில் பாகத்தை விட்டுக் கொடுப்பவர் விடுதலைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து கொடுப்பதும் உடன்படிக்கையிலேயே தேதியிட்டு எழுதப்பட வேண்டும்.

குழந்தைகளைப் பற்றிய பகுதியை எல்லாவற்றிலும் விரிவாக எழுத வேண்டும்; வழக்கத்தில் அதுதான் இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. 'குழந்தை தாயிடம் இருக்கும். தந்தை பார்க்கலாம்' என்று எழுதிவிட்டால், தீபாவளிக்கு யார் வீட்டில், கோடை விடுமுறையில் எத்தனை நாள், பள்ளி மாற்ற வேண்டுமானால் யாரைக் கேட்பது, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் யார் கையொப்பமிடுவது, தாத்தா பாட்டியரைப் பார்ப்பது எப்போது, கல்லூரிக் கட்டணம் யாருடையது என்ற கேள்விகளெல்லாம் ஆண்டுதோறும் எழும். ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் சட்டம். அதற்கு மேற்பட்டோர் விஷயத்திலும் குழந்தையின் நலனே முதன்மை. மனைவி தன் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் குழந்தையின் பராமரிப்பு உரிமையைத் தாயும் தந்தையும் சேர்ந்து பேசியும் விட்டுக்கொடுத்துவிட முடியாது, ஏனெனில் அவ்வுரிமை குழந்தையுடையது. பத்து வயதுப் பிள்ளைக்குச் செய்தியைச் சொல்லும்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்வது சிறந்தது. அதற்கு மனமில்லாவிட்டால், இருவரும் ஒரே வார்த்தைகளைச் சொல்வதென்று முன்னரே பேசிக்கொள்வதாவது வேண்டும்.

பிரிவுக்கு முன் காவல் நிலையத்தில் வரதட்சிணைக் கொடுமைப் புகார் பதிவாகியிருந்தால், விவாகரத்து முடிந்தவுடன் அது தானே மறைந்துவிடும் என்று எண்ணுவது பிழை. பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவும் கட்சிக்காரர்கள் தாமே இராஜியாக முடித்துக்கொள்ளக் கூடியவை அல்ல. உயர் நீதிமன்றத்தில் இருவரும் இசைந்து விண்ணப்பித்து வழக்கை ரத்து செய்வித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒத்துழைப்பதாக ஒரு வாசகம் உடன்படிக்கையில் இருப்பது அவசியம்.

இவ்வளவும் சொன்னபின், இவ்வழி யாருக்கு ஏற்றதன்று என்பதையும் சொல்லாவிட்டால் இந்நூல் தீங்கு செய்ததாகும். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் 'சுமுகம்' என்ற சொல் பலமுள்ளவருக்கே ஆயுதமாகும். அச்சத்தால் இட்ட கையொப்பம் சம்மதமாகாது. வற்புறுத்தல், மோசடி, தகாத செல்வாக்கு ஆகியவற்றால் பெற்ற சம்மதத்தின் பேரில் தீர்ப்பாணை தரக் கூடாதென்று இந்து திருமணச் சட்டமே கட்டளையிடுகிறது. அந்நிலையிலுள்ள பெண் முதலில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பைத் தேடிக்கொண்டு, பிரிவைப் பற்றிய பேச்சைப் பின்னர் வைத்துக்கொள்ளட்டும். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் வக்கீலை அமர்த்தித் தருவார்கள்.

பிற மதத்தார்க்கு: கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் சட்டத்தில் 2001ல் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு இதே வழியைத் தருகிறது, அதன் வாசகம் இரண்டாண்டுப் பிரிவைக் கேட்கிறது. முஸ்லிம்களுக்குப் பரஸ்பர இசைவால் பிரியும் முபாரத் முறை ஷரீஅத்திலேயே உண்டு. பார்சிகளுக்கு 1988லிருந்து உண்டு.

தீர்ப்பு நாளன்று செய்ய வேண்டியவை சில்லறைக் காரியங்கள் என்றாலும் மறக்கத்தக்கவை அல்ல. தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை இருவரும் தனித் தனியே, ஆளுக்கு இரண்டாக, விண்ணப்பித்து வாங்கிக்கொள்ள வேண்டும். மறுமணப் பதிவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் அது கேட்கப்படும். கட்சிக்காரர்களின் இசைவோடு பிறந்த தீர்ப்பாணையின்மீது மேல்முறையீடு இல்லையென்று குடும்ப நீதிமன்றச் சட்டம் கூறுவதால், குற்றம் சாட்டிப் பெறும் விவாகரத்தில் போல மேல்முறையீட்டுக் காலம் கழியட்டும் என்று காத்திருக்கும் தொல்லை இதில் இல்லை. குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், கூட்டு வங்கிக் கணக்கை முடித்தல், ஆயுள் காப்பீட்டிலும் வருங்கால வைப்பு நிதியிலும் வாரிசு நியமனத்தை மாற்றுதல் ஆகியவற்றை அந்த வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். தீர்ப்பாணை பிறந்ததால் மட்டும் அந்த நியமனங்கள் தாமாக மாறிவிடும் என்று எண்ணியிருந்தால், பழைய துணைவரின் பெயர் காகிதத்தில் அப்படியே தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்து அதைத் திருத்தும் அலைச்சல் தாய் தந்தையர் மேலோ பிள்ளைகள் மேலோ விழும்.